சென்ஸர் புதிசு, கோளாறு பழசு



காரின் சென்ஸரைத் தாங்களே கழற்றித் தாங்களே மாட்டியவர்களோடு இன்று கொஞ்சம் பேசலாம் என்று வந்திருக்கிறேன். மாட்டியதும் எல்லாம் சரியாகிவிட்டவர்கள் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு சும்மா கேளுங்கள். புதுச் சென்ஸர் போட்டும் செக் லைட் அணையவில்லை, முன்பு இல்லாத நடுக்கம் இப்போது வந்திருக்கிறது, வண்டி ஸ்டார்ட்டே எடுக்கவில்லை என்று முற்றத்தில் பொனட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கிறவர்கள்தான் இன்றைக்கு என் ஆட்கள்.

மருதமுனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் நம்முடைய கரையோரத்தில் இப்படிப்பட்டவர்கள் கூடிவிட்டார்கள். காரணம் ஊரறிந்தது. 2020இல் நிறுத்திய தனியார் வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். இடையில் 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டிப் போனது. பழைய அல்ட்டோ, வேகன் ஆர், விட்ஸ், அக்ஸியோ எல்லாம் இளைப்பாற வேண்டிய வயதிலும் ஓடித் தீரவேண்டியதாயிற்று. சாமான் விலையையும் கொடுத்துக் கராஜ் கூலியையும் கொடுக்க முடியாத மனிதர் யூடியூப்பைப் பார்த்து ஸ்பேனரைக் கையில் எடுத்தார். நான் கராஜ் வைத்துப் பிழைக்கிறவன்தான், ஆனாலும் அதைக் குறை சொல்லமாட்டேன். பொனட்டுக்குள் என்ன இருக்கிறது என்று ஒருமுறையாவது குனிந்து பார்த்தவரோடு பேசுவது சுகம்.

சரி, சென்ஸர் மாற்றியதும் புதுக் கோளாறு வந்துவிட்டதா? முதலில் உங்கள் கை எங்கெல்லாம் போனதோ அங்கெல்லாம் திரும்பப் போய்ப் பாருங்கள். கழற்றிய கிளிப், விலக்கிய ஹோஸ், இழுத்த வயர். பத்துக்கு ஏழு வண்டியில் விஷயம் அங்கேயே முடிந்துவிடும் என்பது என்னுடைய கணக்கு.

சொக்கட் 'கிளிக்' என்று பூட்டியிருக்கும், வெளியே பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. உள்ளே ஒரு பின் மட்டும் பின்னால் தள்ளிப்போய்த் தொடாமல் நிற்கும். ஒவ்வொரு வயரையும் மெதுவாகப் பின்னுக்கு இழுத்துப் பாருங்கள், அசைகிற வயர்தான் கள்ளன். இன்னொன்று, மீட்டரின் தடித்த முனையைச் சொக்கட்டுக்குள் குத்திக் குத்திப் பார்த்திருந்தால் உள்ளே இருக்கிற தகடு அகன்று, பிடிமானம் போயிருக்கும்.

நம் ஊருக்கென்றே ஒரு வியாதியும் உண்டு. கடற்கரை வீதியில் வீடு, வாசலில் கார், இரவெல்லாம் உப்புக் காற்று. சொக்கட்டின் ரப்பர் சீல் கழற்றும்போது கிழிந்துவிட்டால் சில மாதத்திலேயே செம்புப் பின்னில் பச்சைக் களிம்பு ஏறிவிடும். சாய்ந்தமருதில் ஒரு மீன் வியாபாரியின் வேன். கிராங்க் சென்ஸரை அவரே மாற்றினார். மழைக்கு நின்றுவிடும், வெயிலுக்கு ஓடும். சென்ஸரில் ஒன்றுமில்லை. பின்னில் களிம்பு, அதற்கு மேலே அவர் அள்ளி அப்பிய வீல் கிரீஸ். ஆசாமி பாதுகாப்புக்காகத்தான் பூசியிருக்கிறார்! அதற்கென்று கொன்டக்ட் கிளீனர் ஸ்பிரே விற்கிறது. அதை அடித்துக் காயவிட்டு, சீலையும் மாற்றினால் போதும். அரத்தாள் கொண்டு தேய்க்க வேண்டாம், மேற்பூச்சு போய்விட்டால் களிம்பு இன்னும் விரைவாகப் பிடிக்கும். வயல் பக்கம், சம்மாந்துறைப் பக்கம் இருக்கிறவர்கள் வயரில் எலிப் பல்லின் அடையாளம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

இனி ஸ்கேனர் காட்டுகிற அந்த இலக்கம். அமெரிக்கா 1996 மாடலிலிருந்து கார்களில் கட்டாயமாக்கிய பதினாறு பின் சொக்கட் இன்றைக்கு நம்முடைய வண்டிகளிலும் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிறது. புளூடூத் ஸ்கேனர் ஒன்றைக் குத்தினால் போனிலேயே கோட் வரும். ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த பழைய கார்களில் சொக்கட் பொருந்தினாலும் பாஷை பொருந்தாமல் போகலாம், அது வேறு கதை. நான் சொல்ல வருவது, கோட் ஒருபோதும் 'இந்தச் சென்ஸரை மாற்று' என்று சொல்வதில்லை. பி 0335 என்றால் கிராங்க் சென்ஸரின் சர்க்கிட்டில் குறை என்று பொருள். சர்க்கிட் என்றால் வயரும், சொக்கட்டும், எர்த்தும் எல்லாம் சேர்ந்தது. பி 0171 என்றால் பெற்றோலுக்கு மிஞ்சிய காற்று உள்ளே போகிறது என்று ஒக்ஸிஜன் சென்ஸர் முறையிடுகிறது. உண்மையைச் சொன்ன அந்தச் சென்ஸரைக் கழற்றி எறிந்துவிட்டு, பிளந்து கிடக்கிற ஹோஸை அப்படியே விட்டுவிடுகிறார்கள். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பது பொனட்டுக்குள்ளும் செல்லுபடியாகிற பழமொழிதான்.

இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். நிகழ்ச்சித் தயாரிப்பாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கடிகாரத்தைக் காட்டுகிறார், பரவாயில்லை.

கார் இரவு முழுக்க நிழலில் நின்றிருக்க வேண்டும். ஸுபஹ் தொழுதுவிட்டு வந்த கையோடு, வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் 'ஒன்'னில் வையுங்கள். ஸ்கேனரில் கோட் பக்கத்தை விட்டுவிட்டு 'லைவ் டேட்டா' பக்கத்துக்குப் போங்கள். கூலண்ட் வெப்பநிலை எவ்வளவு? உள்ளே போகும் காற்றின் வெப்பநிலை எவ்வளவு? இரவு முழுக்கச் சும்மா நின்ற எஞ்சினும் அதைச் சுற்றியிருக்கிற காற்றும் ஒரே சூட்டில்தானே இருக்க வேண்டும்! நம் ஊர் விடியற்காலையில் இரண்டும் 26, 27 என்று கிட்டக் கிட்ட நிற்கும். இரண்டு மூன்று பாகைக்கு மேல் விலகினால் அந்த இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது. உங்கள் வீட்டுச் சுவரில் வெப்பமானி இருந்தால் எது பொய் என்பதும் தெரிந்துவிடும். செலவில்லை, ஸ்பேனர் தேவையில்லை. கழித்தல் 40 என்று காட்டினால் சொக்கட் மாட்டப்படவில்லை, அல்லது வயர் அறுந்திருக்கிறது. 140 அளவில் காட்டினால் எங்கோ ஷோட்.

நிந்தவூரில் ஓர் ஆசிரியர். கார் பெற்றோல் கூடக் குடிக்கிறது, எஞ்சின் சூடேறவில்லை என்று கோட் காட்டுகிறது. கூலண்ட் சென்ஸரை அவரே மாற்றிவிட்டார். "தம்பி, புதிசு போட்டதும் முந்தியவிடக் கூடக் குடிக்குது" என்று வந்து நின்றார். "சேர், இன்றைக்கு விட்டுட்டுப் போங்க, காலையில் பார்ப்போம்" என்றேன். காலையில் சாவியைப் போட்டால் காற்று 27, கூலண்ட் 9. நிந்தவூர்க் கார் தன்னை நுவரெலியாவில் ஜனவரி மாதத்தில் நிறுத்தியிருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது! குளிர் என்று நம்பினால் கணினி பெற்றோலைக் கூட்டித்தான் கொடுக்கும். ப்ளக்குகள் கரி பிடித்துக் கறுத்துப் போயிருந்தன. புதுச் சென்ஸரின் மரை சரி, சொக்கட்டும் சரி, உள்ளே இருக்கிற மின்தடை மட்டும் வேறு காருக்கானது.

அவருடைய பழைய சென்ஸரை வாங்கி, கேத்தலில் தண்ணீர் சுடவைத்துப் போட்டு மீட்டரைப் பிடித்தேன். பெரும்பாலான ஜப்பான் கார்களில் 20 பாகையில் இரண்டு மூவாயிரம் ஓம் காட்டும், 80 பாகையில் முந்நூறு ஓம் அளவுக்கு இறங்கும். பழையது அச்சொட்டாக இறங்கியது. அப்படியானால் முதலில் வந்த கோட்? "சேர், தேமோஸ்டட் இருக்கா?" என்று கேட்டேன். "அது நம்மட சூட்டுக்குத் தேவையில்லையெண்டு முந்தின பாஸ் கழட்டிப் போட்டாரே" என்றார். அவ்வளவுதான். தேமோஸ்டட் இல்லாத எஞ்சின் ரோட்டில் போகும்போது சூடு பிடிக்கவே பிடிக்காது. எஞ்சின் சூடேறவில்லை என்று சென்ஸர் சொன்னது முழு உண்மை. தேமோஸ்டட் ஒன்றைப் போட்டு, பழைய சென்ஸரையே மாட்டி அனுப்பினேன். நேயர்களே, உங்கள் மெக்கானிக்கும் தேமோஸ்டட்டைக் கழற்றி எறிகிறவரா? தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

அதே காலைச் சோதனையில் இன்னோர் அழகு இருக்கிறது. எஞ்சினுக்குள் காற்றின் அழுத்தத்தை அளக்கிற மேப் சென்ஸர் உள்ள வண்டியாக இருந்தால், ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் அது வெளியே இருக்கிற காற்றழுத்தத்தை அப்படியே காட்ட வேண்டும். நாம் கடல் மட்டத்தில் இருக்கிறவர்கள், ஆகவே 100, 101 கிலோ பஸ்கல் வரும். 1,868 மீட்டர் உயரத்திலிருக்கிற நுவரெலியாவுக்கு அதே காரைக் கொண்டுபோனால் 81 அளவில் நிற்கும். கல்முனைக் கடற்கரையில் நின்றுகொண்டு 85 காட்டினால் புதுச் சென்ஸரிலோ அதன் வயரிலோ கோளாறு, வேறு பேச்சில்லை. இனி ஸ்டார்ட் பண்ணுங்கள். அந்த 101 மளமளவென்று இறங்கி 30க்கும் 40க்கும் இடையில் வந்து நிற்க வேண்டும். எஞ்சின் மூச்சை உள்ளிழுப்பதைக் கண்ணால் பார்க்கிற மாதிரி. எத்தனை வருடமானாலும் எனக்கு அது அலுக்கவில்லை. இறங்காமல் 90க்கு மேலேயே நின்று கரும்புகை தள்ளினால், மேப் சென்ஸருக்கு வருகிற சின்ன ஹோஸை மாட்ட மறந்திருக்கிறீர்கள். மருதமுனைக் கைத்தறி வியாபாரி ஒருவரின் பழைய சுசுகி இந்த ஒரு ஹோஸுக்காக இரண்டு கராஜ் ஏறி இறங்கியது.

நேரம் போகிறது. மிச்சத்தை ஓட்டமாகச் சொல்கிறேன்.

புதுச் சென்ஸர் போட்டதும் வண்டி ஸ்டார்ட்டே எடுக்கவில்லையா? மேப், த்ரொட்டில் போன்ற பல சென்ஸர்களுக்குக் கணினியிலிருந்து 5 வோல்ட் ஒரே லைனில் போகிறது. தரமில்லாத சென்ஸர் ஒன்று உள்ளுக்குள் ஷோட் ஆனால் மற்றவற்றுக்கும் கரண்ட் இல்லை. ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே மீட்டரைப் பாருங்கள். எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்பி வருகிறதோ அதுதான் குற்றவாளி. பெரும்பாலும் நேற்று வாங்கியதாகவே இருக்கும்.

ஒக்ஸிஜன் சென்ஸர் என்பது 1976இல் பொஷ் கம்பனி வொல்வோ காரில் முதன்முதல் கொண்டுவந்த சாமான். நல்ல சூடு, ஏறத்தாழ 300 பாகை, ஏறினால்தான் அது பேசத் தொடங்கும். மலிவென்று வயரை வெட்டி ஒட்டுகிற வகையை வாங்கியவர்கள் ஈயம் வைத்து ஒட்டியிருப்பீர்கள். பல சென்ஸர்கள் ஒப்பிட்டுப் பார்க்கிற வெளிக்காற்றை அந்த வயரின் உள்வழியாகத்தான் எடுக்கின்றன. ஈயமும் அதன் பசையும் உள்ளே ஊறினால் அந்த மூச்சு அடைபடும். அதோடு வரும் கிளிப்பாலேயே இணைக்க வேண்டும். காற்றோட்டத்தை அளக்கிற சென்ஸரில் அம்புக்குறி இருந்தால் அது எஞ்சினைப் பார்க்க வேண்டும், உள்ளே இருக்கிற மெல்லிய கம்பியை விரலால் தொடக்கூடாது. நொக் சென்ஸரைப் பலம்கொண்ட மட்டும் முறுக்கினால் அது செவிடாகிவிடும்.

போலிச் சாமான் பற்றி ஒரு வார்த்தை. பெட்டியைப் பார்த்து ஏமாறவேண்டாம். கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் கிடைக்கிற, கழற்றிய ஜப்பான் சென்ஸர், இலக்கம் சரியாகப் பொருந்தினால், புத்தம்புதுப் போலியைவிட எவ்வளவோ மேல் என்பது என் அபிப்பிராயம். கடைக்காரர்கள் கோபிக்கக்கூடாது.

பெட்டரியைக் கழற்றி மாட்டியபின் ஐட்லிங் ஏறி இறங்கினால் பயப்பட வேண்டாம், கணினி பழையபடி பழகக் கொஞ்சம் ஓட்டம் கேட்கும். சில ஹொண்டா, நிசான் கார்களுக்கு அதைக் கற்றுக்கொடுக்கவே தனி முறை உண்டு. டொயோட்டாவின் ஜப்பான் ரேடியோ செட் பூட்டிக்கொண்டு ஈஆர்சி இலக்கம் கேட்டால் அதற்கும் சென்ஸருக்கும் தொடர்பில்லை. செட்டைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள்.

இது மட்டும் கண்டிப்பாக. சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். அக்குவா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் வைத்திருப்பவர்கள், செம்மஞ்சள் நிற வயர் எங்கே தெரிந்தாலும் கையை எடுத்துவிடுங்கள். அது நூறு வோல்ட்டுக்கு மேல், உயிர் விஷயம்.

இவ்வளவையும் பார்த்தும் சரிவராவிட்டால் கராஜுக்கு வாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. வரும்போது கோட்டை அழித்துவிட்டு வரவேண்டாம், கோளாறு வந்த நேரத்து அளவுகளும் அதோடு சேர்ந்து அழிந்துவிடும். எதை, எப்போது, ஏன் மாற்றினீர்கள் என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். பழைய சென்ஸரைக் குப்பையில் போட்டிருந்தால் இன்றைக்கே தேடி எடுத்துவையுங்கள். அதன் முதுகிலே இலக்கம் இருக்கிறது. அடுத்த கிழமை ஹைபிரிட் பெட்டரிக்குக் காற்றுப் போகிற ஃபில்டரைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன், பின்சீட்டுப் பக்கம் சாமான் அடுக்கி வைத்திருப்பவர்கள் அதற்குள் எடுத்துவிட்டால் நல்லது.