டாக் வாங்கிய கதையும் காதைச் சோதித்த கதையும்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கணக்கு வழக்கு, தண்ணீர் மோட்டார், பார்க்கிங் எல்லாம் பேசி முடித்தாயிற்று. டீ வருவதற்குள் இருபது நிமிஷம் ஏதாவது பேசுங்கள் என்று செயலாளர் சொன்னார். நான் பி.காம். படித்தவன். முப்பத்தைந்து வருஷம் வங்கியில் கிளார்க். எலெக்ட்ரானிக்ஸ் எனக்குப் பாடமில்லை, பைத்தியம். அந்தப் பைத்தியத்தில் 38,000 ரூபாய் செலவழித்தேன். அதற்குக் கணக்கு ஒப்படைக்கத்தான் இன்று நிற்கிறேன். என் மனைவியும் முன்வரிசையில் இருக்கிறார். தொகையை அவர் இப்போதுதான் சரியாகக் கேட்கிறார்.

டாக் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சிடியிலும் செல்போனிலும் இருப்பது பாட்டு அல்ல, எண்கள். 1982-ல் சிடி வந்தபோது வைத்த கணக்கு இன்றும் அதேதான்: விநாடிக்கு 44,100 எண்கள், ஒவ்வொரு எண்ணும் 65,536 படிகளில் ஏதோ ஒரு படி. ஸ்பீக்கருக்கு எண் புரியாது, மின்சாரம்தான் புரியும். எண்ணை மின்னழுத்தமாக மாற்றித் தருவது டாக். உங்கள் டிவி, போன், லேப்டாப் எல்லாவற்றிலும் ஒரு சிப்பாக அது உட்கார்ந்திருக்கிறது.

நான் வாங்கியது சிப் இல்லாத டாக். டிஸ்கிரீட் என்பார்கள். தனித்தனி ரெசிஸ்டர்களை ஏணி மாதிரி கோர்த்து அந்த வேலையைச் செய்வது. 24 பிட் ஏணிக்கு 48 ரெசிஸ்டர். இரண்டு காதுக்கும் பேலன்ஸ்டு முறையில் நான்கு ஏணி என்றால் 192. மூடியைத் திறந்து பார்த்தால் பொடிப்பொடியாக வரிசை கட்டி நிற்கும், பார்க்கவே அழகு. பழைய முறைதான் இது. 2020 அக்டோபரில் ஜப்பானில் ஏகேஎம் நிறுவனத்தின் நோபெயோகா ஆலை தீப்பிடித்து, ஆடியோ சிப்புக்கு உலகம் முழுக்கத் தட்டுப்பாடு வந்தது. அதற்குப் பிறகு நடுத்தர விலையிலும் இந்த ஏணிகள் நிறையக் கண்ணில் பட ஆரம்பித்தன. "சிப்பில் வருவது செயற்கை ஒலி, ஏணியில் வருவது இயற்கை ஒலி" என்று ஒரு பேச்சும் கூடவே பரவியது. நானும் நம்பினேன்.

ஏணி எப்படி வேலை செய்கிறது? கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தவன் பாஷையில் சொல்கிறேன். உங்களிடம் 16 நோட்டுகள்தான் இருக்கின்றன என்று வையுங்கள். 1, 2, 4, 8 என்று ஒவ்வொன்றும் முந்தையதைப் போல இரண்டு மடங்கு; கடைசி நோட்டு 32,768. இவற்றை வைத்து 0 முதல் 65,535 வரை எந்தத் தொகையும் கொடுத்துவிடலாம். 16 பிட் டாக் என்பது இதுதான்.

வில்லங்கம் பெரிய நோட்டில் இருக்கிறது. 32,767 கேட்டால் சின்ன நோட்டு பதினைந்தையும் தருவீர்கள். அடுத்து வருபவர் ஒரு ரூபாய் கூடுதலாக 32,768 கேட்டால் பதினைந்தையும் உள்ளே இழுத்துக்கொண்டு பெரிய நோட்டு ஒன்றை மட்டும் நீட்டுவீர்கள். அந்த நோட்டு 0.1 சதவீதம் குறைவாக அச்சாகியிருந்தால்? 32 ரூபாய்க்கு மேல் போய்விட்டது. ஒரு ரூபாய் கூடுதலாகக் கேட்டவருக்கு முன்னவரைவிடக் குறைவாகக் கிடைக்கிறது. இனி அந்த ஒரு ரூபாய் நாணயத்தைப் பத்திரமாக வைத்திருந்து என்ன பயன்? ரெசிஸ்டரில் 0.1 சதவீதம் என்பது நல்ல தரம்தான், ஆனால் 16 பிட்டுக்குப் போதாது. அதோடு இந்த நடு இடம்தான் இசையில் மௌனம். ஒலி அலை மேலும் கீழும் போகும்போதெல்லாம் இந்த இடத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும். தம்புரா நாதம் மெல்லத் தேய்ந்து அடங்கும் இடத்தில்தான் பிழை துருத்திக்கொண்டு நிற்கும். நல்ல தயாரிப்பாளர்கள் பெரிய நோட்டைப் பல சம நோட்டுகளாகப் பிரித்தும், 0.01 சதவீத ரெசிஸ்டர் போட்டும் சமாளிக்கிறார்கள். விலை ஏறுவது அங்கேதான்.

சிப்காரர்கள் வேறு வழி பிடித்தார்கள். டெல்டா-சிக்மா என்று பெயர். பெரிய நோட்டே வேண்டாம், ஒரே மாதிரியான சில்லறை போதும், ஆனால் விநாடிக்குப் பல லட்சம் முறை கொடுத்து வாங்கிச் சராசரியில் சரிக்கட்டுவோம் என்பது அவர்கள் கணக்கு. எஸ்ஏசிடி என்ற தட்டில் ஒரே பிட். விநாடிக்கு 28,22,400 முறை. இதில் எழும் இரைச்சலைக் காதுக்கு எட்டாத உயரத்துக்குத் தள்ளிவிட்டு, அங்கே வடிகட்டிவிடுவார்கள். கேட்க ஏமாற்று வேலை மாதிரி இருக்கும். அளந்து பார்த்தால், இன்று சில ஆயிரம் ரூபாய் சிப் டாக் பல லட்ச ரூபாய் ஏணியைவிடத் துல்லியமாக இருப்பதுண்டு.

இனி என் வீட்டுக் கதை. புதுப் பெட்டி வந்த அன்று ஏற்கெனவே இருந்த 6,500 ரூபாய் சிப் டாக்கோடு மாற்றி மாற்றிக் கேட்டேன். புதியதில் மிருதங்கத்தின் தொப்பி கனமாக இருந்தது, வயலின் முன்னால் வந்து நின்றது. சத்தியமாகக் கேட்டது. அன்று சாயங்காலமே பக்கத்து பிளாக் தலைமை ஆசிரியர் சாரைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன். அவரும் தலையாட்டினார். அடுத்த மாதம் அவரும் ஒன்று வாங்கிவிட்டார். என் பேச்சைக் கேட்டு.

விடுமுறைக்கு வந்த பேத்தி கேட்ட முதல் கேள்வி, "தாத்தா, ரெண்டும் ஒரே சத்தமா?" எனக்குச் சுருக்கென்றது. எலெக்ட்ரீஷியனிடம் மல்டிமீட்டர் வாங்கி, 100 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு அளந்தோம். பழையது 2 வோல்ட், புதியது 2.3 வோல்ட். ஒரு டெசிபலுக்குக் கொஞ்சம் மேல் வித்தியாசம். அந்த அளவு கூடினால் "சத்தம் அதிகம்" என்று நமக்குத் தோன்றாது, "ஒலி நன்றாக இருக்கிறது" என்றுதான் தோன்றும். கடைகளில் ஒப்பிட்டுக் காட்டும்போது இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அளவைச் சமமாக்கினோம். சிடி பிளேயரின் ஆப்டிகல் ஒரு டாக்குக்கு, கோஆக்சியல் இன்னொன்றுக்கு. திரைக்குப் பின்னால் பேத்தி நாணயம் சுண்டி மாற்றுவாள். நான் எது என்று சொல்ல வேண்டும். அளவு சமமாவதற்கு முன் 10-க்கு 10 சொன்னவன், சமமான பிறகு 10-க்கு 5. கண்ணை மூடிக்கொண்டு நாணயத்தைக் கேட்டாலும் அதைச் சொல்லும்.

பிறகு அவள் முறை. என் பெட்டியில் என்ஓஎஸ் என்று ஒரு அமைப்பு உண்டு. இடையில் எண்களை நிரப்பி மெருகேற்றாமல் 44,100-ஐ அப்படியே படிப்படியாகக் கொடுப்பது. ஏணிக்காரர்கள் மிகவும் புகழ்வது இதைத்தான். அதில் அவள் 10-க்கு 9 சரியாகச் சொன்னாள். குருட்டாம்போக்கில் 9 அல்லது அதற்கு மேல் வர 1,024-ல் 11 வாய்ப்புதான். அந்த அமைப்பை அணைத்ததும் அவளும் 6-க்கு இறங்கினாள். "எப்படிம்மா சொன்னே?" என்றேன். "ஜால்ரா மங்கலா கேட்குது தாத்தா." விஷயம் சரிதான். என்ஓஎஸ் முறையில் உயர்ந்த ஸ்தாயி கொஞ்சம் தேயும்: 10,000 ஹெர்ட்ஸில் முக்கால் டெசிபல், 20,000-ல் மூன்றுக்கு மேல். "இதமான, இயற்கையான ஒலி" என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது அந்தத் தேய்மானத்தை. அதுகூட என் காதுக்கு எட்டியதில்லை.

ஏன் எட்டவில்லை என்பது அடுத்த வாரம் தெரிந்தது. காவலூர் போயிருந்தோம். 1986-லிருந்து அங்கே இருக்கும் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியை அவளுக்குக் காட்ட வேண்டும் என்று ஆசை. (அங்கே நட்சத்திர வெளிச்சத்தை எண்ணாக்குகிறார்கள், நம் டாக்குக்கு நேர் எதிர் வேலை.) இருட்டியதும் ரோட்டோரம் வண்டியை நிறுத்தினோம். "சில்வண்டு என்ன கத்து கத்துது!" என்றாள் பேத்தி. எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. காற்று மட்டும். ஆலங்காயத்தில் வளர்ந்தவன் நான். சின்ன வயதில் மலையடிவாரத்தில் படுத்துக்கொண்டு அந்தச் சத்தத்தைத் திட்டியிருக்கிறேன். அது எப்போது நின்றது என்றே கவனிக்கவில்லை.

வேலூரில் காது டாக்டரைப் பார்த்தேன். வரைபடம் 3,000 ஹெர்ட்ஸ் வரை பரவாயில்லை, பிறகு சறுக்குமரம். வயதுதான் என்றார். "ச, ஃப மாதிரி எழுத்துகள் குழம்புமே?" என்று கேட்டார். நான் யோசிப்பதற்குள் என் மனைவி "ரெண்டு வருஷமா" என்றார். அதுவரை அவர் வாய்க்குள் பேசுகிறார் என்றுதான் நான் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். இப்போது வலது காதில் மாட்டியிருக்கிறேனே, இதற்குள்ளும் ஒரு சிப் இருக்கிறது. கூட்டத்தில் நான் அடிக்கடி "என்ன? என்ன?" என்று கேட்பதாகக் குறைப்பட்டவர்களுக்கு இது என் பதில் மனு.

உங்களுக்குப் பயன்படும் ஒரு விஷயம். லேப்டாப்பிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்கு இணைத்தால் "ஙொய்ய்" என்று இரைகிறதா? டாக்கை மாற்றாதீர்கள். லேப்டாப்பும் ஆம்ப்ளிஃபையரும் வேறு வேறு பிளக் பாயிண்டில் இருந்தால் எர்த் வழியாக அந்த இரைச்சல் வரும். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிப் பாருங்கள். எங்கள் வீட்டில் உடனே நின்றது. அந்த வித்தியாசத்துக்குத் திரையும் வேண்டாம், நாணயமும் வேண்டாம்.

தலைமை ஆசிரியர் சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பாதிப் பணத்தை நான் தருகிறேன் என்றும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "எனக்கும் உங்க வயசுதானே, எதுல கேட்டா என்ன? ஆனா சாயங்காலம் அந்தப் பச்சை விளக்கு எரியுதுல்ல, அது எனக்குப் பிடிச்சிருக்கு" என்றார். பணம் வாங்கவில்லை. காது டாக்டரின் விலாசத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இரண்டு டாக்கும், சுவிட்ச் பெட்டியும், திரைக்குப் போட்ட பழைய போர்வையும் என் வீட்டில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் யார் வேண்டுமானாலும் வரலாம். நாணயம் நீங்கள் கொண்டு வாருங்கள். டீ வந்துவிட்டது போலிருக்கிறது. எனக்கே கப் சத்தம் கேட்கிறது.