பத்தாயிரம் பேரின் மொழியும் 28ஆம் விதியும்



பாலுலா என்று ஒரு மொழி. நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். பாகிஸ்தானின் வடமேற்கில், ஆப்கானிஸ்தான் எல்லையை ஒட்டிய சித்ரால் மலைகளில் அஷ்ரேத், பியோரி என்று இரண்டு பள்ளத்தாக்குகள். அங்கும் பக்கத்துச் சிற்றூர்கள் சிலவற்றிலும் சுமார் 10,000 பேர் இதைப் பேசுகிறார்கள். காஷ்மீரி, ஷினா இருக்கும் தார்திக் மொழிக் கூட்டத்தைச் சேர்ந்தது. அண்டையில் இருக்கும் கோவார் மொழிக்காரர்கள் இதற்கு வைத்த பெயர் டங்கரிக்வார். சிறுபான்மையினர் என்றால் பெயரைக்கூட அடுத்தவர் வைத்துவிடுகிறார்!

அஷ்ரேத்திலும் பியோரியிலும் வீட்டுக்கு வீடு பாலுலாதான். சிறிய ஊர்கள் சிலவற்றில் மக்கள் கோவாருக்கு மாறிவிட்டார்கள், அல்லது மாறிக்கொண்டிருக்கிறார்கள். 2017 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்தில் பாலுலாவுக்குத் தனி இடமே இல்லை. 'மற்றவை' என்ற கட்டத்துக்குள் அடக்கிவிட்டார்கள். எண்ணப்படாதவர்கள் எந்த எண்ணிக்கையைக் காட்டி உரிமை கேட்பது?

வழக்கறிஞன் என்பதால் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தேன். பாகிஸ்தானின் 1973 அரசியலமைப்பில் 28ஆம் விதி நன்றாகவே இருக்கிறது. தனி மொழி, எழுத்து, பண்பாடு உள்ள எந்தப் பிரிவினரும் அதைக் காத்து வளர்க்கலாம், அதற்கென நிலையங்களும் அமைக்கலாம் என்கிறது. 'அமைக்கலாம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். 'அரசாங்கம் அமைக்க வேண்டும்' என்று அது சொல்லவில்லை. 251ஆம் விதி உருதுவைத் தேசிய மொழியாக்குகிறது. மாநில மொழியை வளர்க்க மாநிலச் சட்டமன்றம் சட்டம் இயற்றலாம் என்கிறது. அங்கேயும் 'லாம்'தான். இரண்டு பள்ளத்தாக்கு மொழியை யார் மாநில மொழி என்று கூப்பிடப் போகிறார்கள்?

அந்த மக்கள் காத்திருக்கவில்லை. 2004இல் அஞ்சுமன்-ஏ-தரக்கி-ஏ-பாலுலா என்ற சங்கத்தை அமைத்தார்கள். பேச்சாக மட்டும் இருந்த மொழிக்கு எழுத்து வந்தது. 2006இல் ஓர் அரிச்சுவடியும் ஒரு கதைப் புத்தகமும் வெளிவந்தன. 2008இல் அஷ்ரேத்தில் உள்ளூர்ப் பள்ளி நிர்வாகக் குழு தாய்மொழிக் கல்வியைத் தொடங்கியது. அம்மா வீட்டில் பேசும் மொழியிலேயே பிள்ளைகள் முதல் எழுத்தைப் படித்தார்கள். 2010இல் இரண்டாவது பள்ளியும் சேர்ந்தது.

மொழி ஆய்வாளர்களும் வந்தார்கள். 2016இல் ஹென்ரிக் லில்யெக்ரென் எழுதிய முழு இலக்கண நூல் வெளிவந்தது. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. நல்லதுதான். ஆனால் இலக்கண நூல் வகுப்பறைக்குள் வந்து பாடம் நடத்தாது. அதற்கு ஓர் ஆசிரியர் வேண்டும். அவருக்கு மாதா மாதம் யார் சம்பளம் கொடுப்பது என்பது பற்றி 28ஆம் விதியில் ஒரு வரிகூட இல்லை.