ரஹீம் சாரும் நம் பின்பக்கத் திடலும்

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் விளையாட்டு நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். அதில் ஒரு கால்பந்துப் பயிற்சியாளரைப் பற்றிச் சொல்லிவிட்டு, கடைசியில் உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கப் போகிறேன். கோரிக்கை என்னவென்று சிலருக்கு இப்போதே தெரிந்திருக்கும். இருந்தாலும் கதையை முதலில் கேளுங்கள்.

அவர் பெயர் சையத் அப்துல் ரஹீம். 1909-இல் ஐதராபாத்தில் பிறந்தவர். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றுப் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தவர். அதனால் கடைசிவரை எல்லோருக்கும் அவர் 'ரஹீம் சார்'தான். 1950-இல் ஐதராபாத் நகரக் காவல்துறை அணிக்கும் இந்திய அணிக்கும் பயிற்சியாளர் ஆனார். பம்பாயில் அந்நாளில் நடந்துவந்த ரோவர்ஸ் கோப்பையை அந்தக் காவல்துறை அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து வருடம் வென்றது. கல்கத்தாவின் பெரிய கிளப்புகள் கொடிகட்டிப் பறந்த காலத்தில் ஒரு போலீஸ் டீம் இதைச் செய்தது.

அது எப்படி நடந்தது? அவருடைய பயிற்சியில் ஒன்றைச் சொல்கிறேன், பிள்ளைகள் கவனியுங்கள். வலது கால் பழக்கமுள்ளவனை இடது காலாலும், இடது கால் பழக்கமுள்ளவனை வலது காலாலும் ஆட வைப்பார். நன்றாக வருவதையே திரும்பத் திரும்பச் செய்து கைதட்டல் வாங்குவது சுலபம். வராததைப் பத்துப் பேர் முன்னால் செய்து தடுமாறுவதுதான் கஷ்டம். ரஹீம் சார் அந்தத் தடுமாற்றத்தைப் பயிற்சியிலேயே முடித்து அனுப்பினார்.

அவருடைய அணிகள் எப்போதும் ஜெயித்தன என்று நினைத்துவிடாதீர்கள். 1951-இல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஈரானை 1-0 என்று வென்று தங்கம் வாங்கினோம். மறு வருடமே ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றோம். நம் ஆட்டக்காரர்கள் பலர் அந்தக் குளிரில் பூட்ஸ் இல்லாமல், வெறுங்காலோடு ஆடினார்கள். அதன் பிறகுதான் பூட்ஸ் கட்டாயமானது. நான்கு வருடம் கழித்து 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக். ஆஸ்திரேலியாவை அவர்கள் மண்ணிலேயே 4-2 என்று வென்றோம். நெவில் டிசூசா மூன்று கோல் போட்டார். அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய அணி நம்முடையது. அங்கே எதிரே நின்றது மறுபடியும் அதே யூகோஸ்லாவியா. 4-1 என்று தோற்றோம், நான்காம் இடம் வந்தோம். ஆனால் பத்து கோல் வாங்கிய அணி நான்கே வருடத்தில் எங்கே வந்து நின்றது என்று பாருங்கள்.

1962 ஜகார்த்தாவிலும் இதே கதைதான். முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 2-0 என்று தோல்வி. அடுத்து தாய்லாந்தையும் ஜப்பானையும் வென்றார்கள். தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்த தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கை ரஹீம் சார் முன்வரிசைக்கு மாற்றினார். அவர் அரையிறுதியிலும் கோல் போட்டார், இறுதியிலும் போட்டார். காய்ச்சலில் இருந்து தேறி வந்த பீட்டர் தங்கராஜ் இறுதி ஆட்டத்தில் கோல் காத்தார். மெட்ராஸ் ரெஜிமென்ட் பயிற்சி மையத்தில் உருவான கோல்கீப்பர் அவர். அரங்கம் முழுக்க நமக்கு எதிரான கூச்சல். செப்டம்பர் 4 அன்று, முதல் ஆட்டத்தில் நம்மைத் தோற்கடித்த அதே கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் வாங்கினார்கள். அப்போதே ரஹீம் சார் உடலைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. 1963 ஜூன் 11 அன்று காலமானார். அதற்குப் பிறகு இன்றுவரை ஆசிய விளையாட்டில் கால்பந்துத் தங்கம் நமக்கு வரவில்லை.

வெற்றி மரபு என்றால் தோற்காமல் இருப்பது என்று நாம் நினைக்கிறோம். நான் பேரேட்டோடு காலம் கழித்தவன். லாபத்தை யார் வேண்டுமானாலும் எழுதலாம், நஷ்டத்தை அன்றைக்கே சரியாக எழுதுகிறவனிடம்தான் கணக்கு நிற்கும். ரஹீம் சார் அப்படி எழுதியவர்.

"அதெல்லாம் ஐதராபாத், விருத்தாசலத்துக்கு என்ன?" என்று கேட்கலாம். நம் மாவட்டத் தலைநகருக்கே வருகிறேன். கடலூரில் மாரியப்பன் என்ற பயிற்சியாளர், 2004 சுனாமியில் பாதிக்கப்பட்ட பெண் பிள்ளைகளைக் கால்பந்துக்கு அழைத்து வந்தார். அங்குள்ள இந்திரா காந்தி அகாடமியின் பெண்கள் அணி 2017-18 இந்திய மகளிர் லீக்கில் ஆடியது. கடலூர்ப் பெண் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கே ஆடினார். 2018-இல் தமிழ்நாட்டுப் பெண்கள் அணி இறுதியில் மணிப்பூரை 2-1 என்று வென்று முதன்முறையாகத் தேசிய சாம்பியன் ஆனது. பல வருடம் மணிப்பூர் கோலோச்சிய போட்டி அது. 2023-இல் அமிர்தசரசில் ஹரியானாவை வென்று மறுபடியும் பட்டம் வாங்கினோம். இந்துமதி இன்னொரு பக்கம் காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். கொரோனா ஊரடங்கில் சென்னைச் சாலையில் நின்று பணி செய்தார்.

இந்தப் பிள்ளைகளுக்கு முதலில் கிடைத்தது கோப்பையா? இல்லை. ஓடுவதற்கு ஒரு திடலும், தினமும் தவறாமல் வந்து நிற்கிற ஒரு பெரியவரும்தான்.

இப்போது கோரிக்கை. நம் பின்பக்கத் திடலில் கார் ஷெட் போட வேண்டும் என்ற தீர்மானம் அடுத்த பொதுக்குழுவுக்கு வருகிறது. கார் வைத்திருப்பவர்கள் வெயிலில் நிறுத்தக் கஷ்டப்படுவது உண்மை. பந்து பட்டு ஜன்னல் கண்ணாடி உடைவதும் உண்மை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஷெட் போட முன்வாசல் சுவரோரம் இடம் இருக்கிறது. பிள்ளைகள் ஓட வேறு இடம் இல்லை. அவர்களை ரோட்டுக்கும் அனுப்ப முடியாது.

ஆகவே மூன்று யோசனை. ஒன்று, மாலை நாலரை முதல் ஆறரை வரை திடல் பிள்ளைகளுக்கு. பரீட்சை மாதத்தில் நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். இரண்டு, ஜன்னல் பக்கம் வலை கட்டுவோம். வலைக்குச் சங்க நிதி, உடைகிற கண்ணாடிக்குப் பிள்ளைகள் வீட்டார் பங்கு போட்டுக் கொடுக்கட்டும். மூன்று, என்னைப் போல் ஓய்வு பெற்றவர்கள் முறை வைத்து அங்கே உட்காருவோம். சண்டை வந்தால் விலக்குவதற்கும், பெண் பிள்ளைகளும் ஆடுகிறார்களா என்று பார்ப்பதற்கும். திங்கட்கிழமை முறையை நான் எடுத்துக்கொள்கிறேன்.

பீங்கான் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மண்ணைப் பிசைந்து, காயவைத்து, சூளையில் வைத்து எடுக்கும்வரை அது பாத்திரமா வெறும் களிமண்ணா என்று யாருக்கும் தெரியாது. பிள்ளைகளும் அப்படித்தான். இவர்களில் ஒருவர் இந்தியாவுக்கு ஆடுவார் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. தோற்றுவிட்டு மறுநாள் மாலையும் திடலுக்கு வருகிற பிள்ளைகளாக வளர்வார்கள் என்பது மட்டும் உறுதி.

பொதுக்குழுவில் கை தூக்குவதற்கு முன்னால், ஒரே ஒரு நாள் மாலை ஐந்து மணிக்குப் பால்கனியில் நின்று திடலைப் பாருங்கள். பிறகு முடிவு உங்கள் கையில்.