கை அரிப்பை ஒளிக்காதீர்கள்

(சித்திரை வருடப்பிறப்பு விடுமுறையில் கொக்கட்டிச்சோலையில் நடந்த அங்கத்தவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"படுவான்கரையில் இறப்பர் மரமே இல்லையே, இங்கே எதற்கு இந்தப் பேச்சு?" என்று வாசலில் ஒரு ஐயா கேட்டார். நியாயமான கேள்வி. இங்கே வயலும் வாவியும்தான். ஆனால் முன்வரிசையில் இருக்கும் தங்கச்சிமார் கொழும்புப் பக்கத்துக் கையுறைத் தொழிற்சாலைகளில் இருந்து லீவில் வந்தவர்கள். களுத்துறையிலும் கேகாலையிலும் பால் வெட்டும் நமது அங்கத்தவர்களும் உறவு வீடுகளுக்கு வந்திருக்கிறார்கள். அவர்கள் சிரட்டையில் சேர்க்கிற பாலில்தான் இவர்கள் அச்சை முக்கிக் கையுறை செய்கிறார்கள். ஆகவே இது இரண்டு பேருக்கும் பொதுவான கதை.

ஒரு தங்கச்சியைப் பற்றிச் சொல்கிறேன். பெயரும் வேண்டாம், தொழிற்சாலையும் வேண்டாம். கையுறை போட்ட பத்து நிமிடத்தில் அவருக்குக் கை அரிக்கும், சிவந்து தடிக்கும். கழற்றினால் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். பிறகு தும்மலும் கண்ணரிப்பும் சேர்ந்தன. "சொன்னால் வேலையை விட்டு நிப்பாட்டிப் போடுவாங்க" என்று பயந்து எட்டு மாதம் ஒளித்தார். ஒருநாள் பல் பிடுங்கப் போனார். கையுறை போட்ட கை வாயில் பட்டதும் உதடு வீங்கியது, மூச்சு இழுத்தது. அங்கே ஊசி மருந்து கைவசம் இருந்தபடியால் பிழைத்தார்.

தோழர்களே, கை அரிப்பு எல்லாம் ஒன்றல்ல. மூன்று வகை உண்டு.

முதலாவது வெறும் எரிச்சல். வியர்வை, சவர்க்காரம், பாலில் கலக்கும் அமோனியா, பாலை உறைய வைக்கும் போமிக் அசிட் இவற்றால் தோல் காய்ந்து வெடிக்கும். இது ஒவ்வாமை அல்ல.

இரண்டாவது, இறப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் இரசாயனங்களுக்கு வரும் ஒவ்வாமை. உடனே வராது. ஒன்றிரண்டு நாள் கழித்துக் கொப்புளமும் சொறியுமாக வரும். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் கையைக் கெடுக்கும்.

மூன்றாவது, பாலில் இயற்கையாக உள்ள புரதத்துக்கு வரும் ஒவ்வாமை. இது நிமிடக் கணக்கில் வரும். தடிப்பு, தும்மல், இழுப்பு, முகவீக்கம், கடைசியில் மயக்கம். அந்தத் தங்கச்சிக்கு வந்தது இதுதான். இது உள்ள சிலருக்கு வாழைப்பழம், பப்பாசி, அவகாடோ சாப்பிட்டாலும் வாய் அரிக்கும். பலூன் ஊதும்போது உதடு வீங்கினாலும் கவனியுங்கள்.

ஆகவே, எப்போது வந்தது, எதைத் தொட்ட பிறகு வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது என்று ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதுங்கள். முடிந்தால் தடிப்பைப் போனில் படம் பிடியுங்கள். அதை எடுத்துக்கொண்டு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைத் தோல் கிளினிக்குக்கோ, வேலை செய்யும் இடத்துக்கு அண்மையில் உள்ள அரசாங்க வைத்தியசாலைக்கோ போங்கள். எந்த வகை என்று வைத்தியர்தான் சொல்ல வேண்டும். வீட்டில் கையுறையைப் போட்டுப் போட்டுச் சோதித்துப் பார்க்காதீர்கள்.

மூச்சு இழுத்தால், நாக்கோ தொண்டையோ வீங்கினால், தலை சுற்றினால் பிரிட்டன் குளிசையைப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டாம். அப்போது தேவைப்படுவது அட்ரினலின் ஊசி. உடனே 1990க்கு அழையுங்கள். ஆளை நடக்க விடாதீர்கள்; படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு விடக் கஷ்டமென்றால் இருத்தி வையுங்கள்.

புரத ஒவ்வாமை என்று உறுதியானவர்கள் பல் வைத்தியரிடமும், சத்திரசிகிச்சைக்கு முன்னும், பிள்ளைப்பேற்று கிளினிக்கிலும் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள். கிளினிக் கொப்பியின் முன்பக்கத்தில் எழுதுவியுங்கள்.

பால் வெட்டும் தோழர்களே, காய்ந்த பாலை மண்ணெண்ணெய் போட்டு உரசாதீர்கள். சவர்க்காரமும் தண்ணீரும் போதும். தேங்காயெண்ணெய் வேலை முடிந்து கழுவிய பிறகு பூசுங்கள். எண்ணெய்க் கையோடு இறப்பர் கையுறை போட்டால் கையுறை இளகிவிடும்.

இனி வேலை பற்றிய பயத்துக்கு வருவோம். இதற்கு மருந்து, ஆளை மாற்றுவதல்ல, கையுறையை மாற்றுவது. மாவு தடவிய கையுறையில் புரதம் மாவோடு ஒட்டிக் காற்றில் பறந்து மூச்சோடு உள்ளே போகிறது. ஜேர்மனியில் 1990களின் கடைசியில் மாவு தடவிய இறப்பர் கையுறையை வைத்தியசாலைகளில் நிறுத்தினார்கள். ஊழியரிடையே புதிய ஒவ்வாமை பெருமளவு குறைந்தது. அமெரிக்கா 2017இல் மாவு தடவிய மருத்துவக் கையுறைகளையே தடைசெய்தது. அங்கே உபயோகிப்பவரைக் காப்பாற்ற முடியுமென்றால், இங்கே செய்பவரையும் காப்பாற்ற முடியும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். நைட்ரைல் கையுறையில் இறப்பர் பால் புரதம் இல்லை. ஆனால் இரண்டாவது வகைக்காரருக்கு அதிலும் அதே இரசாயனம் இருக்கலாம். அதனால்தான் எந்த வகை என்று தெரிவது முக்கியம்.

1934ஆம் ஆண்டு வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் விபத்துக்கு மட்டுமல்ல, தொழிலால் வரும் நோய்க்கும் நட்டஈடு கேட்க வழி வைத்திருக்கிறது. ஆனால் வாய்ச்சொல் செல்லாது. மேற்பார்வையாளரிடம் எழுத்தில் கொடுங்கள், பிரதியைக் கையில் வையுங்கள், வைத்தியரின் துண்டைத் தொலைக்காதீர்கள். பகுதி மாற்றமும் மாற்றுக் கையுறையும் கேளுங்கள். தனியாகக் கேட்கப் பயமென்றால் சங்கத்தோடு வாருங்கள்.

அந்தத் தங்கச்சி இன்று அதே தொழிற்சாலையில் பொதி செய்யும் பகுதியில் வேலை செய்கிறார். சம்பளம் குறையவில்லை. இதை அவர் எட்டு மாதம் முன்பே கேட்டிருக்கலாம். நீங்கள் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டாம். கூட்டம் முடிந்ததும் நான் இங்கேதான் இருப்பேன். கையில் தடிப்பு உள்ளவர்கள் வெட்கப்படாமல் வந்து காட்டுங்கள்.