அடுப்படியும் ஓய்வுப் பொழுதும்



ஏர் பிடித்து, ஏற்றம் இறைத்து வாழ்ந்த காலத்தில் நமக்குத் தனியே தேகப்பயிற்சி தேவைப்படவில்லை. இன்று டிராக்டர் உழுகிறது. மின்சார மோட்டார் நீர் இறைக்கிறது. உடலுழைப்புக் குறைந்தமையால் நீரிழிவு நோய் கிராமங்களிலும் புகுந்துவிட்டது. வயது வந்தோர் வாரத்திற்கு 150 நிமிடமேனும் விரைவு நடை போன்ற பயிற்சி செய்தல் வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. வயலுக்கு நடந்தே சென்றால் இதில் பெரும்பகுதி நிறைவேறும்.

உணவு வீட்டில் சமைத்ததாக இருத்தல் நலம். கம்பும் கேழ்வரகும் முருங்கைக்கீரையும் நம் மண்ணில் விளைபவையே. ஆனால் அந்தச் சமையலின் சுமை யார் தலையில் விழுகிறது? மத்திய அரசு 2019-ஆம் ஆண்டில் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டனர்; ஆண்கள் 97 நிமிடமே. இந்நிலையில் தாய்மார்களுக்கு நடைப்பயிற்சி ஏது, நூல் வாசிப்பு ஏது?

தண்ணீர் எடுத்தல், காய் நறுக்குதல், பாத்திரம் துலக்குதல் ஆகியவற்றை ஆண்களாகிய நாமும் ஏற்போமாயின், அவர்களுக்கும் ஓய்வுப் பொழுது கிடைக்கும். அப்பொழுது பயனுற, ஊர் நூலகம் மாலையில் திறந்திருக்கவும் தெருவிளக்குகள் தவறாது எரியவும் பஞ்சாயத்து வழி செய்தல் வேண்டும். ஊருக்கு உரைக்குமுன், நம் இல்லத்திலிருந்தே தொடங்குவோமாக!