தோலும் மணலும்: நெஞ்சுக்குள்ளே மின்சாரத்தால் படம் எடுப்பது

இன்னைக்கு எபிசோடு நுரையீரல் பத்தி. ஆனா ஆரம்பம் இசிஆர்ல.

கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவுல, பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல்ல மேலாப்புல நல்ல தண்ணி இருக்கும். ஆழமாப் போனா உப்பு. அதனால போர் போடுறதுக்கு முன்னாடி சர்வே பண்றவங்க நாலு கம்பியை ஒரே கோட்டுல அடிப்பாங்க. வெளியில இருக்கிற ரெண்டு வழியா கரண்ட் போகும், உள்ளே இருக்கிற ரெண்டுல வோல்டேஜ் அளப்பாங்க. உப்புத்தண்ணியில கரண்ட் சுலபமா ஓடும், பாறையில திணறும்.

ஏன் தனித்தனிக் கம்பி? காய்ஞ்ச மணல் கம்பியைச் சரியாத் தொடாது. தொடுற இடத்துல இருக்கிற தடை, கீழே இருக்கிற மண்ணோட தடையையே மறைச்சிடும். வோல்டேஜ் கம்பியில கிட்டத்தட்ட கரண்டே ஓடாது, அதனால அங்கே தொடுதல் சுமாரா இருந்தாலும் அளவு அவ்வளவா கெடாது. அப்படியும் கம்பி காலடியில தண்ணி ஊத்துவாங்க, பார்த்திருப்பீங்க.

இப்போ மணலுக்குப் பதிலா தோல். எலக்ட்ரிக்கல் இம்பிடென்ஸ் டோமோகிராபி, சுருக்கமா இஐடி. நெஞ்சைச் சுத்தி ஒரு பெல்ட், அதுல பெரும்பாலும் 16 எலக்ட்ரோடு. பக்கத்துப் பக்கத்து ஜோடியில சின்னதா கரண்ட் விட்டு, அந்த ரெண்டையும் தொடாத 13 ஜோடியில வோல்டேஜ் அளக்கணும். அப்படியே அடுத்த ஜோடி. ஒரு சுத்துக்கு 208 அளவு. காத்து நிறைஞ்ச நுரையீரலுக்குத் தடை அதிகம், மூச்சை விட்டா குறையும். 1980கள்ல இங்கிலாந்தோட ஷெஃபீல்டுல பிரவுனும் பார்பரும் இப்படி உடம்பைப் படம் எடுத்தாங்க. இதோட கணக்கை 1980-ல் எழுதி வெச்ச கால்டெரோன், இளவயசுல அர்ஜென்டினா எண்ணெய்க் கம்பெனியில இன்ஜினியர். அதாவது மண்ணுக்குள்ளே என்ன இருக்குன்னு தேடின ஆளு!

படம் மங்கலாத்தான் வரும், சிடி ஸ்கேன் பக்கத்துலயே நிக்காது. ஆனா ஐசியூவுல வென்டிலேட்டர்ல இருக்கிறவரை சிடி ரூமுக்குத் தூக்கிட்டுப் போறதே ஆபத்து. காத்தழுத்தம் கூடினா நல்லா இருக்கிற பகுதி கிழியும், குறைஞ்சா மத்த பகுதி மூடிக்கும். எந்தப் பக்கம் காத்து போகுதுன்னு படுக்கையிலேயே, நொடிக்கு நொடி காட்டுறது இந்த பெல்ட்.

செங்கல்பட்டு பக்கம் நான் படிச்ச காலேஜ் லேப்ல இதைத் தொட்டியில செய்வோம். பிளாஸ்டிக் தொட்டி, 16 ஸ்டீல் போல்ட், உப்புத்தண்ணி, நடுவுல ஒரு கேரட். அழகா வரும். உப்புத்தண்ணி எல்லா போல்ட்டையும் ஒரே மாதிரி தொடும், அதான் ரகசியம். நெஞ்சு அப்படி இல்லை. ஒரு இடத்துல முடி, ஒரு இடத்துல எலும்பு துருத்தும், மூச்சு இழுத்தா பெல்ட்டே நகரும்.

அதனால டிசைன்ல இழுபறி. கரண்ட் விடுற எலக்ட்ரோடு பெருசா இருந்தா தோல் தடை குறையும். வோல்டேஜ் அளக்கிறது சின்னதா இருந்தா எந்த இடத்தை அளக்கிறோம்னு துல்லியமாத் தெரியும். ரெண்டையும் சேர்த்து வெளியே வளையம், நடுவுல புள்ளின்னும் செய்யறாங்க. எனக்குப் பிடிச்ச டிசைன் அதுதான், கம்பி சர்வேயை ஒரு பொட்டு அளவுக்குச் சுருக்கின மாதிரி.

பொருளும் முக்கியம். வெள்ளி, வெள்ளி குளோரைடு பூச்சு, மேல ஜெல். மணிக்கணக்குல கிடந்தா ஜெல் காயும், தடை ஏறும். நம்ம ஊர் மே மாசத்துல தலைகீழ் பிரச்சினை: வியர்வை. அதுவும் உப்புத்தண்ணிதானே? ரெண்டு எலக்ட்ரோடுக்கு நடுவுல ஓடினா கரண்ட் உள்ளே போகாம தோல் மேலேயே குறுக்கு வழியில போயிடும். ஏசி இல்லாத வார்டுல இதை யோசிக்காம பெல்ட் வடிவமைச்சா வேலைக்காகாது.

ஒரு எலக்ட்ரோடு கழண்டாலும் மெஷின் படம் தர்றதை நிறுத்தாது. அந்த ஓரத்துல நுரையீரல் மூடிக்கிட்ட மாதிரி ஒரு நிழல் விழலாம், டாக்டர் அதைப் பார்த்து அழுத்தத்தைக் கூட்டலாம். அதனாலதான் நல்ல மெஷின்ல படத்துக்குப் பக்கத்துலயே ஒவ்வொரு எலக்ட்ரோடும் தோலை எப்படித் தொடுதுன்னு தனியாக் காட்டுவாங்க. படத்தைப் பார்க்கிறதுக்கு முன்னாடி கண்ணு போக வேண்டிய இடம் அது.