ஆத்தி மாலையும் பெருஞ்சமரும்
(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரை)

நாளை காலை யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மைதானத்தில் வடக்கின் பெருஞ்சமர் தொடங்குகின்றது. மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904 ஆம் ஆண்டிலே ஆடத் தொடங்கிய துடுப்பாட்டப் போட்டி இது. இலக்கிய உரையிலே துடுப்பாட்டத்துக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நானும் என்னையே கேட்டுப் பார்த்தேன். ஆனால், நாளைய ஆட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு இன்றைக்கு வேறொன்றைப் பேச என்னால் இயலாது. நான் மத்திய கல்லூரியின் பழைய மாணவன்.

எங்கள் வீட்டில் இந்தப் பற்று பரம்பரைச் சொத்து. ஐயாவும் அங்கேதான் படித்தவர். நாவலர் பெருமான் கற்றதும் கற்பித்ததும், பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து விவிலியத்தைத் தமிழாக்க உதவியதும் எங்கள் கல்லூரியில்தான் என்று அவர் சொல்லும்போது, நாவலரே எங்களுக்காக முதலாவது பந்தை எதிர்கொண்டவர்போலத் தோன்றும். பரியோவானின் நிறங்கள் சிவப்பும் கறுப்பும். சின்ன வயதில் அம்மம்மா பல்லாங்குழி ஆடக் குன்றிமணி எடுத்துவந்தால், எனக்குப் புளியங்கொட்டைதான் வேண்டும் என்று அடம்பிடிப்பேன். பகை அவ்வளவு ஆழமானது.

இந்த வாரம் ஒரு செய்தி காதில் விழுந்தது. எதிரணியின் வேகப்பந்துவீச்சாளனுக்குப் பயிற்சியின்போது கணுக்கால் சுளுக்கிவிட்டதாம். சைக்கிளை நிறுத்தி, சொன்னவரிடம் இன்னொரு தடவை கேட்டேன். "அடடா, பாவம்" என்று வாய் சொன்னது, மனம் துள்ளியது. அந்தப் பிள்ளைக்குப் பதினெட்டு வயதிருக்கும். நான் நாள்தோறும் தமிழ் படிப்பிக்கின்ற பிள்ளைகளின் வயதுதான். வீடு வந்து சேருமுன் எனக்கு வெட்கமாகிவிட்டது.

அந்த வெட்கத்துக்கு ஒரு பழைய காரணமும் உண்டு. 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்தது உங்களிற் பலருக்கு நினைவிருக்கும். நாங்களும் மழையில் நனைந்தபடி நாவற்குழிப் பாலத்தைக் கடந்து சாவகச்சேரிக்குப் போனோம். அடுத்த பங்குனி பிறந்தபோது எங்களுக்கு மைதானமும் இல்லை, பாட்டும் கூத்துமாய் ஊரைச் சுற்றும் லொறிகளும் இல்லை. ஒரே வளவுக்குள் ஆறு குடும்பங்கள். பையன்கள் ஏழுபேர். அவர்களில் ஆறுபேர் மத்திய கல்லூரி. ஒருவன் மட்டும் பரியோவான். தென்னம்மட்டையைச் செதுக்கித் துடுப்பாக்கினோம். சைக்கிள் ரியூப்பை வெட்டிச் சுற்றிப் பந்தாக்கினோம். எல்லாம் ஆயத்தம், ஆனால் எதிரணி இல்லை. ஒருவனை எதிர்த்து ஆறுபேர் வெல்வதிலே என்ன இருக்கின்றது? சீட்டுக் குலுக்கிப் போட்டோம். என் பெயரும் இன்னொருவன் பெயரும் விழுந்தன. அன்று பின்னேரம் நான் பரியோவானுக்காக ஆடினேன்.

ஐயா மாமரத்தடியில் சாக்கை விரித்துப்போட்டு இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். என் பந்தில் எங்கள் கல்லூரிப் பையன் ஒருவன் ஆட்டமிழந்தபோது நான் துள்ளிக் குதித்தேன். "டேய், கட்சி மாறிப்போட்டாய்!" என்று ஐயா சிரித்தார். வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளிக்கிட்ட நாளுக்குப் பிறகு அவர் சிரித்ததை நான் கண்டது அன்றுதான்.

புறநானூற்றில் நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் கோவூர்கிழார் சொன்ன அறிவுரையைப் படிப்பிக்கும்போதெல்லாம் அந்த வளவு என் நினைவுக்கு வரும். உறையூரை முற்றுகையிட்டு நின்றவனும் சோழன்; உள்ளே அடைபட்டுக் கிடந்தவனும் சோழன். இருவர் கழுத்திலும் ஒரே ஆத்தி மாலை. எவர் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே என்று புலவர் எடுத்துரைத்தார். போருக்கு அது முற்றிலும் பொருந்தும். எங்கள் தலைமுறை அதைக் கண்ணாற் கண்டது. விளையாட்டில் அப்படியல்ல. தோற்றவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்தெழும்பி, அடுத்த பங்குனிக்குத் திரும்பி வருவான். அங்கே ஒருவன் தோற்கக் குடி தோற்பதில்லை. ஆடுவதற்கு எதிரணியே இல்லாமற் போகின்ற ஆண்டிலேதான் குடி தோற்கின்றது. சாவகச்சேரி வளவிலே நாங்கள் சீட்டுக் குலுக்கித் தேடியது ஓர் எதிரியை அல்லவா?

அந்த ஒற்றைப் பரியோவான் பையன் பிற்காலத்தில் என் தங்கையைக் கைப்பிடித்தான். இப்போது ரொறன்ரோவில் இருக்கின்றான். நேற்றிரவு தொலைபேசியில் வந்தான்.

"மச்சான், உங்கடை ஆக்கள் மூண்டாம் நாள் மட்டும் நிண்டு பிடிப்பினமோ?"

"அதை விடு. உங்கடை பெடியனுக்குக் கால் சுகமோ எண்டு விசாரிச்சுச் சொல்லு."

மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. "நீ ஏன் அதைக் கேக்கிறாய்?" என்றான். குரலில் ஒரே சந்தேகம்.

நேயர்களே, என்னை நடுநிலையாளன் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். நாளை விடியற்காலையில் நல்லூர் வீதியில் நின்று மூன்று வேண்டுதல்கள் வைக்கப்போகின்றேன். அந்தப் பிள்ளையின் கால் சுகமாகி, அவன் முழு வேகத்தில் ஓடிவந்து பந்து வீசவேண்டும். எங்கள் தொடக்க வீரர்கள் இருவரும் அவனுடைய முதற் பந்துகளைத் தாக்குப்பிடிக்கவேண்டும். மூன்றாம் நாள் பின்னேரம் கோட்டைப் பக்கம் வெயில் சாயும்போது வெற்றி எங்களுடையதாக இருக்கவேண்டும். ஐயா உயிரோடிருந்தால் மூன்றாவதை முதலில் வைக்கச் சொல்லியிருப்பார்.

முதலாவது பலித்து மூன்றாவது பலிக்காமற் போனால், மச்சானின் தொலைபேசி அழைப்பை ஒரு கிழமைக்கு எடுக்கமாட்டேன்.